ஏணியும் மரமும்: மீசை வைத்த ஓர் ஈயை முன்வைத்து

தொல்காப்பியர் டார்வினுக்கு முன்பே பரிணாமக் கொள்கையைச் சொல்லிவிட்டார் என்ற செய்தி வருடத்துக்கு நாலு தடவையாவது என் கைப்பேசிக்கு வந்துவிடும். பொங்கலுக்கு ஒருமுறை, தாய்மொழி நாளுக்கு ஒருமுறை, மற்ற இரண்டும் யாருக்கோ திடீரென்று இனமானம் பொங்கும்போது. வாட்சப்போடு நின்றால் விட்டுவிடலாம். இலக்கியக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்துச் சொல்கிறார்கள். முன்வரிசை கைதட்டுகிறது. பின்வரிசையில் மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பின்வரிசையை நினைத்துத்தான் கவலை. ஆகவே இந்தச் சண்டை. துணைக்கு ஓர் ஈயைக் கூட்டி வந்திருக்கிறேன்.

முதலில் மரபியலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையைக் கொண்டு ஆறாகப் பிரிக்கிறது அது. புல்லும் மரமும் ஓரறிவு. நத்தை, சிப்பி வகைகள் இரண்டறிவு. சிதல் என்ற கறையானும் எறும்பும் மூன்றறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. விலங்குகள் ஐந்தறிவு. மனிதர் ஆறறிவு. அவ்வளவுதான். கூர்ந்து பார்த்த ஒரு மனம் செய்த நல்ல வேலை இது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓர் உயிர் இன்னோர் உயிரிலிருந்து கிளைத்து வந்தது என்று அதில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம். அங்கே இருப்பது படிகள். கீழ்ப்படியில் புல், மேல்படியில் நாம். அது ஏணி. டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில் இருந்தது ஒரே ஒரு படம். அந்தப் படம் கிளை பிரிந்துகொண்டே போகும் மரம்.

ஏணிக்கும் மரத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காகத்தான் ஈ.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்த ஈயை நிச்சயம் பார்த்திருப்போம், பார்த்தோம் என்று தெரியாமலே. காலை பத்து மணி வெயிலில், செம்பனை நிரைக்கும் செம்மண் பாதைக்கும் நடுவே, வெட்டிப்போட்ட மட்டையின் நுனியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒல்லியாக நீண்ட உடம்பு, முள் முள்ளாகக் கால்கள், முழித்துக்கொண்டிருக்கும் இரண்டு பெரிய கண்கள், அந்தக் கண்களுக்கு நடுவே ஒரு பள்ளம். முகத்தில் விறைத்த மயிர்க்கற்றை, சாட்சாத் மீசையேதான். மேலே ஏதாவது பறந்தால் விருட்டென்று எழும்பி, அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். தேனீ, குளவி, வண்டு, இன்னொரு ஈ என்று எதற்கும் விலக்கில்லை. ஊசி போன்ற வாயால் குத்தி எச்சிலைச் செலுத்தும். அந்த எச்சிலில் நரம்பை முடக்கும் நஞ்சும் சதையைக் கரைக்கும் நொதியும் உண்டு. உள்ளே கூழானதும் உறிஞ்சிவிட்டு ஓட்டைக் கீழே போட்டுவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு ராபர் ஃபிளை என்று பெயர். அதை அப்படியே 'கொள்ளைக்கார ஈ' என்று தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. யாருடையதையும் இது கொள்ளையடிப்பதில்லை, சொந்தமாக உழைத்து வேட்டையாடிச் சாப்பிடுகிறது. நான் வேட்டை ஈ என்றே எழுதுகிறேன். அறிவியலில் அசிலிடே என்ற குடும்பம். உலகம் முழுக்க 7,500-க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன.

இப்போது கேள்வி. இந்த வேட்டை ஈ யாருக்கு உறவு? கொசுவைப் போலக் குத்தி உறிஞ்சுகிறது. தும்பியைப் போல அந்தரத்தில் இரை பிடிக்கிறது. இதில் சில வகைகள் மரத்தைத் துளைக்கும் கருவண்டைப் போலவே கறுத்துக் கொழுத்து, அதே ரீங்காரத்தோடு பறக்கும். வேறு சில, ஊசித்தும்பி போல நூலாக இருக்கும். ஏணியைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேடினால், "நான்கறிவு, நண்டுக்குப் பக்கத்தில் வை" என்பதோடு முடிந்துவிடும். உறவு என்ற கேள்வியையே ஏணியால் கேட்க முடியாது. எத்தனையாவது படி என்று மட்டும்தான் கேட்க முடியும்.

மரத்திடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. இறக்கையை எண்ணிப்பாருங்கள், இரண்டுதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு சின்னக் குமிழ்கள். ஆகவே தும்பியும் இல்லை, கருவண்டும் இல்லை, அவற்றுக்கு நான்கு இறக்கை. இது ஈ இனம். சரி, ஈ இனத்துக்குள்ளே கொசுவும் இருக்கிறதே, குத்தும் வாய் இரண்டுக்கும் பொதுவாச்சே? அங்கேதான் விஷயம். வேட்டை ஈ கொசுவைவிட நம் சமையலறை ஈக்குத்தான் நெருங்கிய சொந்தம். குட்டையான உணர்கொம்பு கொண்ட ஈக்கள் எல்லாம் ஒரு பெரிய கிளை, கொசு அந்தக் கிளைக்கு வெளியே நிற்கிறது. குத்தும் வாய் என்ற ஒற்றுமை உறவைக் காட்டவில்லை, தொழிலைத்தான் காட்டுகிறது. உடன்பிறப்பாகக் கருதப்படும் குடும்பங்களோ, முதிர்ந்த பிறகு வேட்டையே ஆடாதவை. அவற்றில் பல பூந்தேன் குடித்து வாழ்பவை. ஒரே வயிற்றில் கசாப்புக்கடைக்காரனும் சாமியாரும் பிறந்த கதை.

தோற்றத்தையும் தொழிலையும் வைத்து இனம் பிரிக்காதே, பிறப்பின் தடயத்தைத் தேடு என்பதுதான் 250 வருடங்களாக இந்த ஈ அறிவியலுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். ஒரே நாளில் வந்த பாடம் இல்லை. 1758-இல் லின்னேயஸ் இவற்றுக்கு அசிலஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் அது மாட்டைக் கடிக்கும் ஈயின் பெயர். இது மாட்டின் பக்கமே போகாது. பெயரிலேயே தவறு. அவர் தோற்றத்தைப் பார்த்துப் பிரித்தார், உயிர்கள் எல்லாம் இறைவன் படைத்தபடியே இருக்கின்றன என்று நம்பினார். 1802-இல் லத்ரேய் இவற்றைத் தனிக் குடும்பமாக்கினார். 1962-இல் ஃபிராங்க் ஹல் இரண்டு பாகங்களில், 900 பக்கங்களுக்கு மேல், உலக வேட்டை ஈக்களின் பேரினங்களை எல்லாம் அடுக்கினார். 1968-இல் மார்ட்டின் என்பவர், அந்த நூல் போன்ற ஒல்லி வகைகள் பார்க்கவே வேறாக இருக்கின்றனவே என்று அவற்றைத் தனிக் குடும்பமாகப் பிரித்துக்கொண்டு போனார். 2009-இல் டோர்ஸ்டன் டிக்கோவ் 158 வேட்டை ஈ இனங்களின் உடலமைப்பை மயிர் மயிராக ஒப்பிட்டுப் பார்த்து, ஒல்லி வகைகள் அதே குடும்பத்துக்குள்ளேதான் கிளைத்திருக்கின்றன என்று காட்டினார். பார்க்க வேறாக இருப்பதால் பிறப்பு வேறாகிவிடாது என்று ஆயிற்று.

புதைபடிவமும் இருக்கிறது. பிரேசிலில் கிடைத்த கல்லில் ஏறத்தாழ 11 கோடி வருடத்துக்கு முந்தைய வேட்டை ஈ. நமக்குப் பக்கத்து நாடான மியன்மாரில் கிடைத்த அம்பர் பிசினுக்குள் ஏறத்தாழ 10 கோடி வருடத்துக்கு முந்தையது ஒன்று. 2014-இல் அதற்குப் பர்மாபோகன் என்று பெயர் வைத்தார்கள், பர்மாவின் தாடி என்று பொருள். டைனோசர் காலத்திலேயே இதற்கு மீசையும் இருந்தது, வேட்டையும் இருந்தது. அப்போது நம் மூதாதை இருட்டில் பதுங்கித் திரிந்த சிறு பாலூட்டி. இதில் யார் மேல்படி, யார் கீழ்ப்படி? கேள்வியே அர்த்தமற்றது. நானும் அந்த ஈயும் ஒரு பொது மூதாதையிடமிருந்து பிரிந்து, அதே அளவு காலம் நடந்து, அவரவர் கிளை நுனியில் உட்கார்ந்திருக்கிறோம். அது என்னைவிடக் குறைவாகப் பரிணமித்த உயிர் கிடையாது.

இங்கே ஒருவர் கை தூக்குவார், எனக்குத் தெரியும். "தம்பி, நண்டும் பூச்சியும் நெருங்கிய உறவுன்னு இன்றைய மரபணு ஆய்வே சொல்லுதே, தொல்காப்பியர் ரெண்டையும் ஒன்றாத்தானே வைத்தார்?" உண்மைதான். பூச்சிகள் நண்டுகளின் பெருங்கிளையிலிருந்தே கிளைத்தவை. ஆனால் ஐயா, அதே நூற்பா எறும்பை ஒரு படி கீழே இறக்கி வைத்திருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்? எறும்பும் பூச்சிதான். தும்பி என்பதற்கு வண்டு, தேனீ என்று பொருள் கொண்டாலும் சரி, இன்றைய தட்டான் என்று பொருள் கொண்டாலும் சரி, நண்டைவிட எறும்புதான் அதற்குச் சொந்தம். உறவைச் சொல்ல வந்த நூற்பாவாக இருந்தால் எறும்பையும் தும்பியையும் சேர்த்து, நண்டைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். அது உறவைச் சொல்ல வரவில்லை. புலன்களை எண்ண வந்தது. எண்ணியது. அதன் வேலை முடிந்தது. வேறு வேலைக்கு வந்தவரைக் கூப்பிட்டு நீங்கள்தான் டார்வின் என்று மாலை போட்டால் அவருக்குத்தான் அவமானம்.

சரி, ஒரு தவறான பெருமையால் யாருக்கு என்ன நஷ்டம்? இருக்கிறது. ஏணி நமக்கு மிகவும் பழகிய வடிவம், அதுதான் ஆபத்து. தோட்டமே ஏணியாகக் கட்டப்பட்டது. குன்றின் மேல் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே மண்டோர் வீடு, பள்ளத்தில் லயம். அந்த லயத்துக்குள்ளும் நாமே இன்னொரு ஏணியைச் சாத்தி வைத்திருந்தோம். ஒரே நிரையில் பால்மரம் வெட்டியவர்கள், ஒரே பிரட்டில் பெயர் கொடுத்தவர்கள், கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்ற பேச்சு வந்ததும் படிகளை எண்ண ஆரம்பித்தார்கள். கப்பலில் வந்ததும் அந்த ஏணிதான், தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்குப் போனபோதும் தூக்கிக்கொண்டு போனது அந்த ஏணியைத்தான். இப்படிப்பட்ட ஒரு சமூகத்துக்குப் பரிணாமத்தையும் ஏணியாகவே சொல்லிக்கொடுத்தால், 'மேல், கீழ்' என்ற புத்திக்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகாதா? மரம் அந்தப் புத்தியை வெட்டுகிறது. மரத்தில் உச்சிக்கிளை என்று ஒன்று இல்லை, எல்லா நுனியும் இன்றைய நுனிதான்.

இன்னொரு வேடிக்கை. நாம் பெருமைப்பட நிஜமான ஒரு கதை இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. 1854-இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் மலாக்காவுக்கு வந்தார். லிங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம், நம் எல்லையை ஒட்டிய ஊர். உள்நாட்டுக் காடுகளில் பூச்சி பிடித்தார், குனோங் லேடாங் ஏறினார். சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் அவர் சேகரித்த ஈக்கள் லண்டன் போயின. 1856-இல் ஃபிரான்சிஸ் வாக்கர் அவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அதில் வேட்டை ஈக்களும் உண்டு. அதற்கிடையில் வாலஸ் சரவாக் போய், 1855-இல் அங்கிருந்தே ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு புதிய இனமும் தனக்கு நெருங்கிய ஒரு பழைய இனத்தை ஒட்டியே, அதே நிலத்தில், அடுத்த காலத்தில் தோன்றுகிறது என்று வாதிட்டார். உறவுகளை விளக்க அவர் கையாண்ட உருவகம் கிளைகள் பின்னிய மரம். டார்வினின் நூலுக்கு நாலு வருடம் முன்பு, இன்று மலேசியாவாக இருக்கும் மண்ணில் எழுதப்பட்டது. நாம் குடியிருக்கும் நாட்டுக்குப் பரிணாமச் சிந்தனையில் இவ்வளவு பெரிய இடம் இருக்கும்போது, இல்லாத ஒன்றை இட்டுக்கட்ட வேண்டிய தேவை என்ன?

வாலஸ் வெள்ளைக்காரர்தானே, காலனி அறிவியல்தானே என்பீர்கள். ஆமாம். காட்டில் அவரோடு அலைந்த உள்ளூர் ஆட்களில் சரவாக்கைச் சேர்ந்த அலி போன்ற ஒருசிலர் பெயர்தான் பரவலாக அறியப்படுகிறது. பிடிபட்ட பூச்சிகள் இன்னும் லண்டன் அலமாரியில் இருக்கின்றன. அதைக் கேள்வி கேளுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அந்த வாக்கர் இருக்கிறாரே, அவசரத்தில் ஆயிரக்கணக்கில் பெயர் வைத்துத் தள்ளியவர். ஒரே இனத்துக்கு இரண்டு மூன்று பெயர் வைத்த கொடுமையும் நடந்தது. 1874-இல் அவர் இறந்தபோது ஒரு பூச்சியியல் இதழ் அஞ்சலி என்ற பெயரில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது. பின்னால் வந்தவர்கள் அவர் வைத்திருந்த மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு பெயராக இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் நாங்கள் ஒரு வரைபடத்தைத் திருத்தினால், யார் திருத்தினார், எப்போது, ஏன் என்று ஓரத்தில் குறித்தாக வேண்டும். வகைப்பாட்டியலும் அதே ஒழுக்கத்தில்தான் ஓடுகிறது. பழைய பெயர், அது ஏன் செல்லாது, ஆதாரமான பூச்சி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எல்லாமே பதிவில் இருக்கும். நம் ஃபார்வர்டுக்கு அப்படி ஒரு ஓரக்குறிப்பு உண்டா? பத்து வருடமாக ஒரு எழுத்து மாறாமல் சுற்றுகிறது.

கடைசியாக வரும் கேள்வி, எப்போதும் வருவது: "இதெல்லாம் சோறு போடுமா?" தோட்டத்து ஆளிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. 1981 வரை மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மகரந்தத்தை ஆள் வைத்துக் கையால் பூவில் தூவிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. செம்பனைக்குக் காற்றே மகரந்தம் சுமக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ரஹ்மான் சயீத் என்ற பூச்சியியலாளர் 1970களின் இறுதியில் கேமரூனுக்குப் போய், செம்பனைப் பூவில் மொய்க்கும் கூன்வண்டு இனங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்கள், கண்ணுக்கு ஒரே மாதிரி இருப்பவை. அதில் எது இங்கே சரிப்படும், எது வேறு பயிரைத் தொடாது என்று சோதித்து, எலெய்டோபியஸ் கேமரூனிகஸ் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 1981-இல் ஜொகூரில், குளுவாங் பக்கம் அதைத் திறந்துவிட்டார்கள். நாலு மில்லிமீட்டர் வண்டு. கையால் மகரந்தம் தூவும் வேலையே தோட்டத்திலிருந்து மறைந்துபோனது. மகரந்தம் தூவியவர்களின் வாழ்க்கையை மாற்றிய அந்த முடிவு, இனம் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரின் மேசையில் எடுக்கப்பட்டது. நமக்கு அந்த வண்டின் பெயர்கூட இன்றும் தெரியாது.

அதற்கும் முன்னால், 1950களின் இறுதியிலும் 60களிலும், இலைதின்னும் புழுவைக் கொல்ல வீரியமான பூச்சிமருந்தை அடித்தார்கள். கூட்டுப்புழு குறைவதற்குப் பதில் பெருகித் தோட்டத்தை மொட்டையாக்கியது. பி.ஜே. உட் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து சொன்ன காரணம் எளிமையானது. மருந்து, புழுவைத் தின்னும் பூச்சிகளையும் புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. கண்டபடி அடிப்பதை நிறுத்தியதும் அவை திரும்பி வந்தன. இன்று செம்பனைப் பாதையோரம் மஞ்சள் பூச்செடிகளை நட்டிருக்கிறார்களே, அழகுக்கு என்றா நினைத்தீர்கள்? அந்தக் குளவிகளுக்குத் தேன் கொடுக்கத்தான். எந்தப் பூச்சி எதற்கு உறவு, எது எதைத் தின்னும் என்பது தெரியாமல் மருந்துத் தோம்பை முதுகில் சுமந்தவர்கள் நம் அம்மாக்களும் பாட்டிகளும். பூச்சியின் பெயர் தெரிவது படித்தவன் பொழுதுபோக்கு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இலக்கியவாதிகளிடமும் ஒரு வார்த்தை. இந்த மண்ணைக் காடழித்துத் திருத்தியவர்கள் நாம் என்கிறோம், நியாயமான உரிமைக்குரல். திணை, கருப்பொருள் என்று மேடையில் முழங்குகிறோம். அந்தந்த நிலத்தின் மரமும் புள்ளும் விலங்கும் இன்னதென்று தெரிந்தவன்தான் அன்றைக்குக் கவிஞன். நம் தோட்டக் கதைகளில் என்ன இருக்கிறது? பால்மரம், அட்டை, பாம்பு, கொசு. மீதியெல்லாம் 'ஏதோ ஒரு பூச்சி'. ஜெலுபு மாவட்டத்தில் பாசோ வனக்காப்பகம் இருக்கிறது, 1970களிலிருந்து உலக விஞ்ஞானிகள் வந்துபோகும் இடம். அங்கே 50 ஹெக்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள கன்றுவரை ஒவ்வொரு மரத்தையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள், 800-க்கும் மேற்பட்ட மர இனங்கள். அதைச் சுற்றிச் செம்பனை. பாகாவிலும் சிம்பாங் பெர்த்தாங்கிலும் பிறந்து எழுத வந்தவர்கள் அந்தக் காட்டின் ஒரு மரத்தையாவது பெயர் சொல்லிக் கதைக்குள் கூப்பிட்டிருக்கிறோமா? நண்டையும் தும்பியையும் எறும்பையும் குனிந்து பார்த்தவனின் பெயரைச் சொல்லிக்கொண்டு, குனியவே மறுக்கிறோம்.

தொல்காப்பியத்தை நான் மட்டம் தட்டுவதாக எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள செம்பனை ஓரத்துக்குப் போங்கள். வெயில் படும் மட்டை நுனிகளைப் பாருங்கள். இறக்கையை எண்ணுங்கள், இரண்டா நான்கா. கண்களுக்கு நடுவே பள்ளம் இருக்கிறதா, முகத்தில் மீசை இருக்கிறதா என்று கவனியுங்கள். என்ன பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். படம் எடுங்கள், தேதியும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள், ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றுங்கள், யாராவது இனம் கண்டு சொல்வார்கள். தவறாகச் சொன்னால் இன்னொருவர் வந்து திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் படியுங்கள். அப்புறம் வாங்க, சண்டையை அங்கிருந்து தொடரலாம்.